உங்கள் பத்திரிகை, எங்கள் பத்திரிகை

அந்திரியேவிட்சா,
5 ஜூன் 2006

என் மகனின் ஞானத்தாய் கோசாராவுக்கு,

தரிங்கா எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் நலம். நீயும் மிலுட்டினும் நலமாகத்தான் இருப்பீர்கள். ஜெயித்தவர்களுக்கு என்ன குறை?

போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் காகிதம் என்று பார்க்கிறாயா? காரணம் உனக்கே தெரியும். மான்டினீக்ரோ செர்பியாவை விட்டுத் தனி நாடு என்று வாக்கெடுப்பு முடிவு வந்த அன்று நீ போன் செய்தாய். நான் எடுத்தேன். நீ ஒன்றும் பேசாமல் ரிசீவரை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாய். செத்தின்யே ஊரே வானத்தைப் பார்த்துச் சுடுகிற சத்தம் என் காதில் விழுந்தது. பிறகு உன் சிரிப்பு. "கேட்டுச்சாடி?" என்றாய். கேட்டது கோசாரா. இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. என் வீட்டுக்காரர் ரதோசாவ் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி உன் வீட்டுக்காரரிடம் பேசிய பேச்சையும் நான் மறக்கவில்லை. இவர் பேசியது தப்பு. நீ செய்ததும் தப்பு. காகிதம் என்றால் அனுப்பும் முன் கிழித்துப் போடலாம். ஏற்கெனவே இரண்டைக் கிழித்துவிட்டேன்.

இங்கே ஊர் இரண்டாகிவிட்டது. நோவிட்சாவின் காபிக் கடையில் செர்பியக் கொடி தொங்குகிறது. 'ஆம்' போட்ட சிலர் பெட்ரோல் நிலையத்துப் பக்கம் ஒரு கொட்டகையில் தனியாக உட்கார்ந்து குடிக்கிறார்கள். எங்கள் பசு கன்று ஈன முடியாமல் தவித்தபோதும் இவர் மாட்டு வைத்தியரைக் கூப்பிட மாட்டேன் என்றார். அவர் 'ஆம்' போட்டவராம். நானே ஓடினேன். அந்த மனுஷன் பையை எடுத்துக்கொண்டே, "பசு எந்தப் பக்கம்னு கேட்டுக்கிட்டு வந்தியாம்மா?" என்கிறார். சிரித்துவிட்டேன். கன்று பிழைத்தது.

உன் ஞானமகன் வாஸோ செர்பியாவில் அவன் படிக்கிற பெல்கிரேடிலிருந்து பேசினான். "நேத்து வரைக்கும் நான் உள்ளூர்க்காரன், இன்னைக்கு வெளிநாட்டு மாணவனாம்மா" என்றான். ஞானத்தாயாக அவனுடைய முதல் முடியை வெட்டிய கை உன்னுடையது. அவனுக்காகவாவது பேதுரு திருநாளுக்கு எப்போதும்போல இருவரும் வாருங்கள். பாலாடை எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டேன். கோடைக்கு நீங்கள் வராத வருஷம் எனக்கு நினைவில் இல்லை.

கோபம் பாதி, அன்பு பாதியாக,
உன் தரிங்கா


செத்தின்யே,
20 ஜூன் 2006

அடி தரிங்கா,

உன் கடிதத்தை மூன்று பேர் படித்தோம்: நான், மிலுட்டின், என் மூக்குக்கண்ணாடி. மூவரும் நனைந்துவிட்டோம்.

ரிசீவரை நீட்டியது விளையாட்டு. தொழிற்சாலை விடுதியில் நாம் ஒருத்தி தலையில் ஒருத்தி தண்ணீர் ஊற்றுவோமே, அந்த மாதிரி. அந்தப் பக்கம் நீ அழுதுகொண்டிருப்பாய் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். மன்னித்துக்கொள்.

ஆனால் தோற்றது நீங்கள் மட்டும் இல்லையாம். உங்களுக்கும் எங்களுக்கும் பொதுவாக உலகக் கோப்பைக்குப் போன அணி அர்ஜென்டினாவிடம் ஆறு கோல் வாங்கியது. இல்லாத நாட்டுக்கு ஓர் அணி! மிலுட்டின் அதற்கும் கண் கலங்கினார். கண்ணைத் துடைத்தது 'ஆம்' போட்ட கை. எனக்குச் சிரிப்பு வந்தது.

பேதுரு திருநாளுக்கு நாங்கள் வரவில்லை. ரதோசாவ் அன்று போனில் இவரை, "அப்பன் எலும்பை வித்துத் தின்னவன்" என்றார். இவர் யாரிடமும் சொல்லவில்லை, ஒரு வாரம் கழித்து என்னிடம்தான் சொன்னார்: "குடிச்சிட்டுப் பேசியிருந்தா சாராயம் பேசுச்சுன்னு விட்டிருப்பேன். அவன் அன்னைக்குக் குடிக்கல கோசாரா." அதற்கு மேல் நான் எப்படி வற்புறுத்துவது? உன் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசட்டும். இவர் நடந்தே வருவார்.

நாமிருவரும் குளிர்பெட்டித் தொழிற்சாலையில் செய்த பெட்டி என் சமையலறையில் இன்னும் உறுமிக்கொண்டிருக்கிறது. நம் காலைப் பழக்கமும் அப்படியே இருக்கிறது. காபி, உடனே பத்திரிகையில் மரண அறிவிப்புப் பக்கம், மற்றதெல்லாம் பிறகு. ஆனால் இப்போது செத்தவர்களும் பிரிந்துவிட்டார்கள். உங்கள் ஆட்கள் உங்கள் பத்திரிகையில், எங்கள் ஆட்கள் எங்கள் பத்திரிகையில். எங்கள் தெருக் கடைக்காரன் உங்களுடையதை வாங்கி வைப்பதையே நிறுத்திவிட்டான்.

பஸ் ஓட்டுநரிடம் காய்ந்த அத்திப்பழம் கொடுத்துவிட்டிருக்கிறேன். ரதோசாவுக்குக் கொடுக்காதே. சரி, இரண்டு கொடு.

உன் கோசாரா


செத்தின்யே,
24 அக்டோபர் 2006

தரிங்கா,

மிலுட்டின் இறந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. குளிர்காலத்துக்கு விறகு பிளந்துகொண்டிருந்தவர் கோடரியைப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

இரண்டு நாள் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தொழிற்சாலையில் நம்மைத் திட்டுவாரே அந்த மேஸ்திரி, அவர்கூடக் கோலூன்றி வந்தார். வாசலில் கார் நிற்கும்போதெல்லாம் நான் எட்டிப் பார்த்தேன். என் பக்கத்தில் ஒரு நாற்காலியை யாரையும் உட்கார விடாமல் வைத்திருந்தேன். என் கொழுந்தன் பிளாஜோ அதைப் பார்த்துவிட்டு, "அண்ணி, யாருக்குக் காத்திருக்கீங்க? அவங்க இப்ப அங்க கொண்டாடிக்கிட்டு இருப்பாங்க" என்றான். வாயை மூடு என்றேன். அடக்கம் முடிந்து திரும்பியபோதும் அந்த நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

சாவுக்கு யாரும் அழைப்பு வைப்பதில்லை. பத்திரிகையில் போட்டோம். தெரிந்தவர்கள் வந்தார்கள்.

ரதோசாவ் வராததை நான் பொறுப்பேன். நீ வரவில்லையே தரிங்கா.

கோசாரா


அந்திரியேவிட்சா,
29 அக்டோபர் 2006

என் கோசாரா,

உன் கடிதத்தைப் பிரித்த பிறகுதான் மிலுட்டின் போனதே எனக்குத் தெரியும். வாஸோவின் தலைமேல் ஆணை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

பத்திரிகையில் போட்டோம் என்கிறாயே, எந்தப் பத்திரிகையில்? எங்கள் வீட்டுக்கு உங்களுடையது வராது, அது உனக்குத் தெரியும். கடிதத்தோடு மாட்டு வைத்தியர் வீட்டுக்கு ஓடினேன். அவர் பழைய இதழ்களைக் கட்டிப் போட்டிருந்தார். ஒவ்வொன்றாகப் புரட்டினேன். மிலுட்டின் இருந்தார். என் கல்யாணத்தில் கட்டிய அதே கோடு போட்ட டை. அந்தத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். வைத்தியரின் மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து மாதமாக நான் அவளுக்கு வணக்கம்கூடச் சொன்னதில்லை.

அதே நாள் காலையில் நான் எங்கள் பத்திரிகையைப் பிரித்து, முன்பின் தெரியாத கிழவர்களுக்கெல்லாம் சிலுவை போட்டுவிட்டுக் காபி குடித்திருப்பேன். என் ஆளுக்குப் போடவில்லை.

உன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். எங்கள் பத்திரிகையிலும் இரண்டு வரி போட்டிருந்தால் நான் ராத்திரியோடு நடந்தாவது வந்திருப்பேன். உனக்கு அது தோன்றவே இல்லையா?

உங்கள் பத்திரிகையில் இரங்கல் போடப் போகிறேன். தாமதம்தான். ஊர் பார்க்கட்டும். நாற்பதாம் நாள் வழிபாட்டை எந்தக் கிழமை வைக்கிறீர்கள் என்று எழுது. அந்த நாற்காலியை எடுத்துவிடாதே.

உன் தரிங்கா


செத்தின்யே,
13 நவம்பர் 2006

தரிங்கா,

பார்த்தேன். பக்கத்தின் கீழ்மூலையில் இருந்தது. 'எங்கள் வாஸோவை ஒவ்வொரு கோடையிலும் தோளில் சுமந்த மிலுட்டினுக்கு. அந்திரியேவிட்சா தரிங்காவும் குடும்பமும்.' கத்தரித்து அவர் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன். பிளாஜோவிடமும் காட்டினேன். இரண்டு தடவை படித்தான். "சரி அண்ணி, ஒத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டான். அவனிடமிருந்து அவ்வளவு வந்ததே பெரிது.

எனக்குத் தோன்றவில்லையா என்று கேட்டாய். அறிவிப்பு கொடுக்கப் போனது பிளாஜோ. "அந்தப் பத்திரிகைக்கு நம்ம வீட்டுச் சாவைக் கொடுக்க மாட்டேன்" என்றானாம். நான் அப்போது இருந்த நிலையில் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது. தலையை ஆட்டியிருப்பேன்.

வருகிற சனிக்கிழமை, காலை பதினொரு மணி, கல்லறையில். நீ தனியாக வந்தாலும் சரி, ரதோசாவோடு வந்தாலும் சரி. ராத்திரி என்னோடு தங்கு. இந்த வீட்டில் பேச ஆள் இல்லாமல் குளிர்பெட்டியோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

உன் கோசாரா


அந்திரியேவிட்சா,
20 நவம்பர் 2006

கோசாரா,

நான் வந்தேன். உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அதனால் நானே சொல்கிறேன்.

என்னுடைய இரங்கல் வந்த இதழை எவனோ காபிக் கடையில் ரதோசாவின் முன்னால் விரித்து வைத்திருக்கிறான். "உன் வீட்டுப் பேரு அவங்க பத்திரிகையில நல்லாத்தான் இருக்கு" என்று எல்லாரும் சிரித்தார்களாம். மறுநாள் இவர் பக்கத்து ஊர் பெரானேக்குப் போய்விட்டு வந்தார். உரம் வாங்கப் போனார் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை விடியும் முன் கிளம்பினேன். "போய்ட்டு வரேன்" என்றேன். இவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். போட்கோரிட்சாவில் பஸ் மாறும்போது எங்கள் பத்திரிகையை வாங்கினேன். பழக்கம். அந்தப் பக்கத்தைப் பிரித்தேன். படம் இல்லை, கட்டம் கட்டி நான்கு வரி: 'செத்தின்யேயில் காலமான ஒருவருக்கு எங்கள் வீட்டின் பெயரில் வெளியான இரங்கலுக்கும் எங்களுக்கும் தொடர்பு இல்லை. ரதோசாவும் குடும்பத்தினரும்.'

இவர் பெரானேக்குப் போனது இதைக் கொடுக்கத்தான். ஒருவருக்காம். மிலுட்டின் பெயரைக்கூட எழுதவில்லை.

திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். இல்லை, நீ அதைப் பார்த்திருக்க மாட்டாய், உங்கள் தெருவில்தான் அது வராதே என்று சமாதானம் செய்துகொண்டு செத்தின்யே பஸ்ஸில் ஏறினேன். கல்லறை வாசலில் பிளாஜோ நின்றிருந்தான். கையில் அதே தாள். நல்ல செய்தி நடந்து வரும், இது பறந்து வந்திருக்கிறது.

"யாரும்மா நீங்க?" என்றான். வாஸோவுக்கு ஊஞ்சல் கட்டிக் கொடுத்தவன் கேட்கிறான்.

"பிளாஜோ, இது எனக்குத் தெரியாது. இப்பத்தான் பஸ் நிலையத்துல பார்த்தேன்."

"குடும்பத்தினர்னு போட்டிருக்கே. நீங்க அந்தக் குடும்பம் இல்லையா?"

நான் என்ன சொல்வது கோசாரா? இல்லை என்றால் என் வீட்டை விட்டவள். ஆமாம் என்றால் உன் வீட்டை விட்டவள்.

"அண்ணன் யாரோ 'ஒருத்தர்' இல்லைங்க. அண்ணனுக்குப் பேர் இருக்கு. போங்க, அண்ணி பார்க்கறதுக்கு முன்னாடி போயிடுங்க" என்றான். திட்டவில்லை. கெஞ்சுகிற மாதிரி சொன்னான். அதுதான் தாங்க முடியவில்லை.

தூரத்தில் உன் முதுகு தெரிந்தது. கறுப்புத் தலைத்துணி. இளைத்துவிட்டாய். ஒரு குரல் கொடுத்திருந்தால் திரும்பியிருப்பாய். கொடுக்கவில்லை. கொண்டு வந்த காபியையும் சர்க்கரையையும் மதில்மேல் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டேன்.

ரதோசாவோடு பேசுவதில்லை. சோறு வைக்கிறேன், தின்கிறார். "நான் என் மானத்தைத்தான் காப்பாத்துனேன்" என்றார் ஒரு தடவை. பிறகு தொழுவத்தில் போய் அழுததைப் பார்த்தேன். மிலுட்டினுக்காகத்தான் அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை.

வா என்று ஒரே ஒரு வரி எழுது. வருகிறேன். பிளாஜோ என்ன, வாசலில் ராணுவம் நின்றாலும் வருகிறேன்.

தரிங்கா


செத்தின்யே,
8 ஜனவரி 2007

என் தரிங்கா,

நேற்று நம் பழைய நாட்காட்டிப்படி கிறிஸ்துமஸ். பகையாளியும் பகையாளியும் முத்தமிட்டுக்கொள்ள வேண்டிய நாள். உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன்.

மதில்மேல் காபிப் பொட்டலத்தைப் பார்த்ததுமே நீ வந்திருக்கிறாய் என்று தெரிந்துவிட்டது. சர்க்கரையைத் துணியில் கட்டி மூன்று முடிச்சுப் போடுகிறவள் இந்த நாட்டில் நீ ஒருத்திதான். இப்போது அது இரண்டு நாடா, என்னவோ. பிளாஜோவைக் கேட்டேன். ஒளிக்காமல் சொன்னான். அவனோடு சண்டை போட்டேன். ஆனால் கீழ்வீட்டில் நான், மேல்வீட்டில் அவன். என் விறகை அவன்தான் பிளக்கிறான், அண்ணன் விட்ட அதே கோடரியால். அவனை விட்டால் எனக்கு யார்?

அந்த நான்கு வரியை நீ எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது. ஊரோடுதான் நான் இருக்க வேண்டியிருக்கிறது. வா என்று எழுதப் பல தடவை பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. நீ வந்து உட்கார்ந்தால் அந்த 'ஒருவருக்கு' நம் நடுவில் வந்து உட்காரும். கொஞ்ச நேரத்தில் உன் வீட்டுக்காரரைப் பற்றி நான் ஏதாவது சொல்வேன். நீ பொறுப்பாய், இரண்டாம் தடவை பொறுக்க மாட்டாய். அந்தச் சண்டையை நான் போட விரும்பவில்லை. அதனால் வராதே. எழுதவும் வேண்டாம். உன் கடிதம் வருகிற நாளெல்லாம் மாடியில் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்கிறது.

வாஸோவிடம் நான் முத்தம் கொடுத்ததாகச் சொல். அவன் கல்யாணத்துக்கு என்னைத் தேட வேண்டாம்.

ஒன்று மட்டும் செய்கிறேன், யாருக்கும் தெரியாமல். காலையில் ரொட்டி வாங்கப் போகும்போது பஸ் நிலையம் வரை நடக்கிறேன். அங்கே உங்கள் பத்திரிகை கிடைக்கிறது. எங்களுடையதற்குள் மடித்து வைத்துக் கொண்டு வருகிறேன். கதவைத் தாழிட்டுவிட்டு முதலில் உங்களுடையதைத்தான் பிரிக்கிறேன், அந்தப் பக்கத்தை. மேலிருந்து கீழ்வரை விரலை வைத்துப் பார்க்கிறேன். உன் பெயர் இல்லை. அதற்குப் பிறகுதான் நீ வைத்துவிட்டுப் போன காபியை அடுப்பில் ஏற்றுகிறேன்.

வாஸோவிடம் இதையும் சொல்லி வை. உனக்கென்று ஒரு நாள் வரும்போது எங்கள் பத்திரிகையைத் தேடி அலைய வேண்டாம். உங்களுடையதில் போட்டால் போதும். நான் பார்த்துவிடுவேன்.

கோசாரா