முனியாண்டி ஐயா சுவர் ஏறவில்லை

என் அருமை ரூத் அண்ணிக்கு,

நீங்கள் போன இடத்தில் பிளேன்டீக்கு வரிசை கிடையாது, கால் வீக்கமும் கிடையாது என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதினால் அது பொய். அண்ணா நீங்கள் கழற்றி விட்ட வேலைச் சப்பாத்தை இன்னும் வாசலிலிருந்து எடுக்கவில்லை. மழையில் நனையாமல் இருக்க அதன்மேல் ஒரு பொலித்தீன் பையை மட்டும் கட்டி வைத்திருக்கிறார்.

பாஸ்டர் ஐயா என்னிடம் ஒரு வேலை தந்திருக்கிறார். வருகிற தையில் உங்கள் ஓராண்டு நினைவு ஆராதனை. அதில், போக்கிடம் இல்லாதவர்களுக்காக நீங்கள் தொடங்கிய நம் வீட்டின் வரலாற்றை வாசிக்க வேண்டுமாம். "தனம், ஆரம்பத்துல இருந்து சமைச்சுப் போட்டது நீங்கதான். மூணு பக்கம் எழுதிக் குடுங்க. முனியாண்டி சுவர் ஏறிக் குதிச்ச கதையையும் போடுங்க, சனம் சிரிக்கும்" என்றார். நான் சரி என்று தலையாட்டிவிட்டு, சமையலறைக்குள் போய் அழுதேன். ஏன் அழுதேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பதினெட்டு வருஷமாக உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதல் இரண்டு பக்கமும் சுலபமாக வந்தன. அப்போது நீங்கள் ஆஸ்பத்திரியில் அட்டெண்டன்ட். டிஸ்சார்ஜ் துண்டு வெட்டி வீட்டுக்குப் போகச் சொன்ன நோயாளிகளில் சிலர், போக வீடில்லாமல் குட்ஷெட் பஸ் நிலையத்தில் படுத்துக் கிடப்பதை வேலை முடிந்து வரும்போது பார்த்தீர்கள். யானை ஊர்வலம் போகிற பெரஹரா திருவிழா நெருங்கியதும், ஊரைச் சுத்தமாகக் காட்ட இப்படிப்பட்டவர்களை லொறியில் ஏற்றி, எங்கேயோ தூரத்தில் இறக்கிவிடுகிறார்கள் என்று ஊரில் பேச்சு. ஏற்றுவது யார் என்று கேட்டால் ஆளுக்கு ஆள் கை காட்டினார்கள். நீங்கள் நேரே பாஸ்டர் ஐயாவிடம் போய், சபைக்குப் பின்னால் உட்காரும் வாங்குகள் உடைந்து அடுக்கிக் கிடந்த மண்டபத்தைக் கேட்டீர்கள்.

"பத்து நாளைக்கு மட்டும்தான்" என்றார் அவர்.

"பத்தே நாள்தான் ஐயா" என்றீர்கள் நீங்கள்.

பெரஹரா முடிந்து யானைகள்கூட ஊர் திரும்பிவிட்டன. உங்கள் ஆட்களுக்குத் திரும்ப ஊர் இருக்கவில்லை. அந்தப் பத்து நாள்தான் மண்டபத்தில் மூன்று வருஷம் ஓடி, பிறகு மஹய்யாவையில் உங்கள் அப்பாவின் தகரக் கூரை வீட்டுக்கு வந்து, இன்றுவரை முடியாமல் இருக்கிறது.

அந்த நாட்களில் எனக்கு உங்களைப் பிடிக்காது. அண்ணாவை நீங்கள் கிறிஸ்தவ வேதத்தில் சேர்த்துவிடுவீர்கள் என்று அம்மா சொல்லிச் சொல்லி, நானும் அதை நம்பியிருந்தேன். அண்ணாவின் கெஞ்சல் தாங்காமல்தான் சமைக்கவே வந்தேன். அண்ணா இன்றைக்கும் விபூதி பூசிக்கொண்டுதான் சபையில் சனம் உட்காரக் கதிரை அடுக்குகிறார். நீங்கள் ஒரு நாளாவது அதைப் பற்றிப் பேசியதுண்டா? உங்கள் ஜெபமும் ஒரு வரிதான். "ஆண்டவரே, பருப்பு கடைசி ஆள் வரைக்கும் எட்டணும்." என் சமையலைப் பற்றி ஆண்டவரிடம் கோள் சொல்கிறீர்கள் என்று உள்ளுக்குள் பொருமுவேன்.

மூன்றாம் பக்கத்தில்தான் என் கை நின்றுவிட்டது.

அந்த முதல் வருஷம், கடைசி நாள் பகல் பெரஹரா. யாராவது வெளியே போனால் லொறியில் ஏற்றிவிடுவார்கள் என்ற பயத்தில் மண்டபத்துக் கேட்டை நீங்கள் பூட்டியே வைத்திருந்தீர்கள். வேலைக்குப் போகும்போது சாவியை என்னிடம் தந்து, "யார் கேட்டாலும் தொறக்காத தனம்" என்றீர்கள். மத்தியானம் சோறு முடிந்து நான் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். தலதா வீதிப் பக்கம் மேளச் சத்தம் கேட்டது. தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த முனியாண்டி ஐயா, வலது காலை இழுத்து இழுத்து என் பக்கத்தில் வந்து நின்றார்.

"தங்கச்சி, சின்ன வயசுல இருந்து பாக்கணும்னு ஆச. ஒருக்கா யானைய பாத்துட்டு வந்துர்றேன். அஞ்சு நிமிசம்."

அதற்கு முந்தின ஒன்பது நாளும் கேட்டு, நான் இல்லை என்று சொன்ன மனிதர். அன்றைக்கு மட்டும் ஏன் மனம் இளகியது? இரக்கம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால், 'இவள் என்ன பெரிய ஜெயிலரா, நான் திறந்தால் என்ன' என்று உங்கள் மேல் இருந்த கோபமும் அதில் பாதி. கேட்டைத் திறந்து, "சீக்கிரம் வந்துருங்க ஐயா" என்றேன். தன் தகரக் கோப்பையைக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அவர் திரும்பி வரவேயில்லை.

மாலையில் நீங்கள் வந்து கேட்டபோது, "சுவர் ஏறிக் குதிச்சுப் போயிட்டாரு அண்ணி" என்றேன்.

மண்டபத்துச் சுவர் என் தலைக்கு மேலே ஒரு முழம் உயரம். முனியாண்டி ஐயாவால் கட்டில் ஏறவே ஒருவர் கை கொடுக்க வேண்டும். நீங்கள் சுவரைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு அவரைத் தேடப் போனீர்கள்.

அதற்குப் பிறகு லீவு நாளெல்லாம் உங்களுக்கு பஸ்தான். மாத்தளை, குருநாகல், தெல்தோட்டை என்று எங்கே போனாலும், வலது காலை இழுத்து நடக்கிற ஒருவரைக் கண்டீர்களா என்று விசாரித்தீர்கள். அவருடைய கோப்பையைச் சமையலறை ஆணியில் மாட்டினீர்கள். வேறு யாரையும் அதில் குடிக்க விட்டதில்லை. பாஸ்டர் ஐயா கேட்டபோது மட்டும், "தனம் என்ன செய்வா ஐயா, அவர் சுவர் ஏறிப் போயிட்டாரு" என்றீர்கள். பிறகு அது வீட்டுக் கதையாகிவிட்டது. புதிதாக வருகிறவர்களிடம் எல்லோரும் சிரித்துச் சிரித்துச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் நீங்கள் சிரித்தீர்களா, இல்லையா என்று பார்க்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

பேராதனை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நீங்கள் கேட் சாவியைக் கழற்றித் தந்தது அண்ணாவிடம் இல்லை, என்னிடம். உங்களுக்குத் தெரியும்தானே அண்ணி? தெரிந்துதானே தந்தீர்கள்?

இந்த வருஷப் பெரஹராவுக்கு வீட்டில் பதினான்கு பேர். நீங்கள் செய்தது போலவே பூட்டினேன். ஏழாம் நாள், அவர்கள் எல்லோருக்குமாகப் பேச காசிம் நானா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"தங்கச்சி, ரூத் அம்மா பூட்டினது எங்கள காப்பாத்தத்தான். அது எங்களுக்கு வெளங்குது. ஆனா வருஷத்துல பத்து நாள் நாங்க இந்த ஊர்லயே இல்லாத மாதிரி ஈக்கிறோம். ஒருக்கா கூட்டிட்டுப் போங்களே."

அண்ணாவிடம் கேட்டேன். "சாவி ஒங்கிட்டதானே குடுத்தா. என்னைக் கேக்காத" என்று சொல்லிவிட்டார்.

கடைசி நாள் காலை எல்லோரையும் குளிக்க வைத்து, சட்டை சேலை எல்லாம் அயர்ன் பண்ணிக் கொடுத்தேன். நானே கேட்டைத் திறந்தேன். மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். பொலிஸ்காரர் ஒருவர் வந்து, "மே அய கவுத?", இவர்கள் யார் என்று கேட்டார். "அபே கெதர அய" என்றேன். எங்கள் வீட்டு ஆட்கள் என்று சொல்ல எனக்குத் தெரிந்த சிங்களம் போதுமாக இருந்தது. அவர் ஒரு தடவை எல்லோரையும் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

யானைகள் வந்தபோது காசிம் நானா சின்னப் பிள்ளை போல எழுந்து நின்றுவிட்டார். நான் யானையைப் பார்க்கவில்லை அண்ணி. எதிர்ப்பக்கக் கூட்டத்தில் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது இருந்தால் முனியாண்டி ஐயாவுக்கு எண்பது தாண்டியிருக்கும். இருப்பாரா? அன்று யானையையாவது பார்த்தாரா?

வீட்டுக்கு வந்து கேட்டில் நின்று எண்ணினேன். பதினைந்து வந்தது. மறுபடி எண்ணினேன், பதினைந்துதான். காசிம் நானாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, தெரியாத பெரியவர் ஒருவர் கூடவே வந்திருந்தார். பெயர் கேட்டால் சொல்லவில்லை. "வழியெல்லாம் புடிச்ச புடிய விடல்ல" என்றார் காசிம் நானா. முனியாண்டி ஐயா இல்லை. இரண்டு காலும் நல்ல கால். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது, அழுகையும் வந்தது.

எல்லோருக்கும் பிளேன்டீ ஊற்றினேன். ஒரு கோப்பை குறைந்தது. ஆணியில் இருந்ததை எடுத்து, புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, அந்தப் பெரியவரிடம் கொடுத்தேன். கோபமென்றால் கனவில் வந்து திட்டுங்கள். திட்டவாவது வாங்க.

"அது சுவர் ஏறிக் குதிச்சவரு கோப்பையாச்சே" என்று யாரோ சிரித்தார்கள். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அவரு சுவர் ஏறல. நான்தான் தொறந்து விட்டேன்" என்றேன். காசிம் நானா மட்டும் தன் பக்கத்தில் இடம் விட்டு, "இரிங்க தங்கச்சி, நீங்களும் குடிங்க" என்றார்.

மூன்றாம் பக்கத்தை நேற்று எழுதி முடித்தேன். 'அன்று கேட்டைத் திறந்தது தனம். சுவர் கதை அவள் சொன்ன பொய்' என்று எழுதியிருக்கிறேன். தையில் சபைக்கு முன்னால் நானே எழுந்து நின்று அதை வாசிப்பேன். சனம் சிரிக்காது, அது எனக்குத் தெரியும். மறுநாள் காலை உங்கள் குடையை எடுத்துக்கொண்டு, தெல்தோட்டை பஸ்ஸில் ஏறி, வலது காலை இழுத்து நடக்கிற ஒருவரைக் கண்டீர்களா என்று நீங்கள் கேட்ட கேள்வியை நானும் கேட்கத் தொடங்குவேன்.

இப்படிக்கு,
நீங்கள் கடைசிவரை காட்டிக்கொடுக்காத
உங்கள் நாத்தனார்,
தனம்