இன்ஜினியருக்குள் விமானி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு என்னவோ ஏதோ என்று பதறாதே. அவள் குத்துக்கல்லாட்டம் நன்றாக இருக்கிறாள். நான் யாருக்கு எழுதுகிறேன் என்று தெரியாதவள் போல் பக்கத்து அறையில் துணி மடிக்கிறாள். ஒரே சட்டையை மூன்றாவது தடவை மடிக்கிறாள்.

நீ அந்தத் தீவுக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது. அம்மாவுக்கு எழுதும் கடிதங்களில் 'அப்பாவையும் கேட்டதாகச் சொல்' என்று கடைசியில் ஒரு வரி வைக்கிறாய். அவளும் சொல்கிறாள். அடுத்த மாதம் உனக்கு விடுப்பாம். வீட்டுக்கு வராமல் வானிலை நிலையத்திலேயே இருந்துவிடலாமா என்று யோசிக்கிறாயாம். ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியாதா? அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் முதலில் ஒரு கூத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் டி.வி. விண்கலத் தொடரில் இந்த வாரம் எடுத்தது கூடுவிட்டுக் கூடு பாய்கிற கதை. ஏதோ ஒரு கிரகத்துக் கல்லைத் தொட்டுத் தொலைத்ததில் இன்ஜினியரின் உயிர் விமானிப் பெண்ணின் உடம்புக்குள் போய்விடுகிறது, அவள் உயிர் இன்ஜினியர் உடம்புக்குள் வந்துவிடுகிறது. ஏழு வருஷமாக அந்த இன்ஜினியராக ஸ்பேனரும் கையுமாக உறுமிக்கொண்டிருந்த நான், இத்தனை பெரிய தொப்பையை வைத்துக்கொண்டு இருபத்துநாலு வயசுப் பெண்ணாக நடிக்க வேண்டும். 'இந்த வயசுல இது எனக்குத் தேவையா?' என்று கேட்டேன். டைரக்டர் அசரவில்லை. 'வீட்டுலயே பொண்ணு இருக்கே சார், அதைப் பார்த்துப் பண்ணிடுங்க' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

விமானியாக நடிக்கிற பெண் இருக்கிறாளே, பொல்லாதவள். ஒரு வாரம் நோட்டோடு என் பின்னாலேயே சுற்றினாள். ஏதோ வசனம் படிக்கிறாள் என்று நினைத்தேன். படப்பிடிப்பு அன்று வந்தாள் பார், இரண்டு முழங்கையாலும் பேன்ட்டை மேலே தூக்கினாள். மூன்று தடவை தொண்டையைச் செருமினாள். நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடியைச் சட்டைப்பையில் தேடினாள். லைட்மேன் ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் அவள் என்னிடம் வந்து, 'சாப்பிட்டியா? தூங்கினியா? ஏன் இளைச்சுட்டே?' என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் முதுகைக் காட்டிக்கொண்டு போய்விட்டாள். மொத்த செட்டும் 'அப்படியே சார்தான்!' என்று கத்தியது. நான் அசடு வழிந்துகொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நான் அப்படியா என்று கேட்டால், 'இப்பதான் தெரிஞ்சுதாக்கும்' என்கிறாள்!

என் முறை வந்தது. வேறு யாரை எனக்குத் தெரியும்? உன்னைத்தான் செய்தேன். நாற்காலியில் ஒரு காலை மடித்துப் போட்டு உட்கார்ந்தேன். மடக்கத்தான் முடிந்தது, எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. இல்லாத முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினேன். கோபம் வந்தால் நீ உதட்டை ஒரு பக்கமாக இழுப்பாயே, அதையும் இழுத்தேன். மேக்கப் போடுகிற பெண்மணி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'உங்க பொண்ணு கண்ணுல பட்டா நீங்க தொலைஞ்சீங்க' என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, கண்ணு. ஐந்து மாதத்துக்கு அப்புறம் நீ பக்கத்தில் இருந்த மாதிரி இருந்தது.

கடைசிக் காட்சியில் சண்டை. புயல் வீசுகிற கிரகத்தில் தனியாக இறங்குவேன் என்று விமானி பிடிவாதம் பிடிக்கிறாள். இன்ஜினியர் கூடாது என்கிறார். இன்ஜினியர் இப்போது அந்தப் பெண், விமானி நான். அவள் என் குரலிலேயே, 'நான் சொன்னா சொன்னதுதான்' என்று மேஜையைத் தட்டினாள். காகிதத்தில் எனக்கு இருந்த வசனம் 'சரி, விடுங்க'. நான் தலையைக் குனிந்தேன். வாயில் வந்தது 'சரிப்பா'.

தப்பு செய்துவிட்டோம், திரும்ப எடுப்பார்கள் என்று நின்றால், டைரக்டர் கை தட்டுகிறார். 'இந்தக் காலத்துப் பொண்ணுங்க யாரைப் பார்த்தாலும் பா போட்டுத்தான் பேசறாங்க, அப்படியே பிடிச்சிட்டீங்க சார்' என்றார். அது எந்த 'ப்பா' என்று அங்கே ஒருத்தருக்கும் தெரியவில்லை.

தீவு வேலைக்குப் போவதாக நீ சொன்ன அன்றைக்கு நம் கூடத்தில், 'காத்தையும் மழையையும் எண்ணறதுக்கா உன்னைப் படிக்க வெச்சேன்? போறதா இருந்தா போ, வழியனுப்ப நான் வரமாட்டேன்' என்று கத்தினேன். நீ 'சரிப்பா' என்றாய். ராத்திரி அம்மாவிடம், 'பார்த்தியா, ஒத்துக்கிட்டா' என்று பெருமையடித்தேன். காலையில் உன் பெட்டியையும் காணோம், உன்னையும் காணோம். அந்த வார்த்தையை நானே சொல்லிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அது சம்மதமே இல்லை என்று. இந்த ஆளிடம் பேசிப் பயனில்லை என்பதைத்தான் நீ அவ்வளவு மரியாதையாகச் சொல்லியிருக்கிறாய். நான் அதைக் கீழ்ப்படிதல் என்று கணக்குப் போட்டிருக்கிறேன், மடையன். தப்பு என் மேல்தான். துறைமுகத்துக்கு நான் வந்திருக்க வேண்டும்.

இத்துடன் ஒரு புகைப்படம் வைத்திருக்கிறேன். நாற்காலியில் காலை மடித்து உட்கார்ந்திருப்பது நான்தான். உன்னோடு வேலை பார்க்கிறவர்களுக்குக் காட்டு. ஆனால் அடுத்த வாரம் ஒளிபரப்பாகும் வரை கதையை வெளியே விடாதே, கம்பெனிக்காரர்கள் என் தோலை உரித்துவிடுவார்கள்.

விடுப்புக்கு வந்தே ஆக வேண்டும் என்று சொல்ல இதை எழுதவில்லை. நீ அங்கேயே இருப்பதாக முடிவு செய்தால், நான் அங்கே வரலாமா? சாமான் ஏற்றி வருகிற படகில் ஆள் ஏற்றுவார்களா என்று துறைமுகத்தில் விசாரித்தேன். ஒருத்தருக்கு இடம் உண்டாம். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, வழியெல்லாம் வாந்தி எடுப்பேன், பரவாயில்லை. நீ காற்றை எப்படி அளக்கிறாய் என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் போலிருக்கிறது. வரவேண்டாம் என்று தோன்றினால் வரவேண்டாம் என்றே எழுது. காரணத்தையும் எழுது, எத்தனை பக்கம் ஆனாலும் சரி, ஒரு வரி விடாமல் படிப்பேன்.

அங்கே காற்றும் மழையும் உன்னிடம் என்னைவிட மரியாதையாக நடந்துகொள்ளட்டும். நன்றாக இரு, தாயே.

படகில் ஏறச் சம்மதமா என்று கேட்டு,
உன் அப்பா