பிரபுவுக்கு நான் வாசித்த வரவேற்பு

தெஹியோவிட்ட,
14.10.2001

அன்பு மகன் சுமனுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் கடவுள் புண்ணியத்தில் சுகம், என் மானத்துக்கு மட்டும் போன சனிக்கிழமையிலிருந்து கொஞ்சம் சுகமில்லை. கட்டாரில் நீ நோய்நொடியில்லாமல் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறோம். போன கடிதத்தில், அடுத்த மாதம் சங்கத் தேர்தல், உன் தாத்தாவுக்குப் பிறகு நான், எனக்குப் பிறகு நீதான் தோட்டத் தலைவர், வேலையை விட்டுவிட்டு உடனே வா என்று அதிகாரமாக எழுதியிருந்தேன். நீ இன்னும் பதில் போடவில்லை. அதற்குள் இங்கே நடந்ததைக் கேள்.

சனிக்கிழமை இங்கிலாந்திலிருந்து ஒரு பிரபு நம் தோட்டத்தைப் பார்க்க வந்தார். இந்தத் தோட்டத்தைத் திறந்த வெள்ளைக்காரத் துரையின் பேரனாம். மாலை போட்டு, அவருடைய அரசியல் வாழ்க்கையைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொல்லித் தோட்ட மானேஜர், நம் பெரிய துரை, என்னைத்தான் கேட்டார். மைக் என்றால் உன் அப்பாவைப் பற்றிச் சொல்லவா வேண்டும், கல்யாணக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன், பொத்தான் பூட்டவில்லை. ஸ்கூல் டீச்சர் ஷாமிளா தமிழில் எழுதிக் கொடுத்த தாளை வாசித்ததோடு நான் நிறுத்தியிருக்கலாம். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் எல்லோருக்கும் முன்னால், இவர் யாரிடமும் ஒரு ஓட்டுக்கூடக் கேட்காமல், அப்பா இறந்ததும் பாராளுமன்ற மேல்சபையில் போய் உட்கார்ந்து முப்பத்து மூன்று வருடம் எழும்பாத மகான் என்று முழங்கினேன். புகழ்ச்சி என்றுதான் நினைத்தேன். ஷாமிளா அதை ஆங்கிலத்தில் சொன்னதும் மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. அத்தனை வருடத்தில் தான் வாய் திறந்தது ஆறே தரம் என்றும், ஒன்றரை வருடம் மீன்பிடித் துணை அமைச்சராக இருந்தபோது படகில் ஏறினாலே வாந்தி என்றும், 99இல் பரம்பரைப் பிரபுக்களை நீக்கச் சட்டம் போட்டுத் தன்னை வீட்டுக்கு அனுப்பியது நியாயம்தான், அப்பன் உட்கார்ந்த இடம் என்பதற்காக மகன் உட்காரக் கூடாது என்றும் சொன்னார். ஷாமிளா அதைத் தமிழில் சொல்லி முடிக்கவில்லை, ரப்பர் பால் வெட்டுகிற கலைச்செல்வி பின்னாலிருந்து, அப்ப நம்ம தலைவர எப்பங்க வீட்டுக்கு அனுப்பப் போறோம் என்று கேட்டாள். களமே சிரித்தது. உன் அம்மாவும் சிரித்தாள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

இரண்டு நாள் வீட்டில் முறுக்கிக்கொண்டு திரிந்தேன். பிறகு யோசித்தேன். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராக் கூரைக்குத் தகரம் வாங்கித் தருகிறேன் என்று நான் சொல்லி ஒன்பது வருடம். கலைச்செல்வி பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் ஆபீஸ் வாசலில் ஒரு காலை உட்கார்ந்து வாங்கிவிட்டாள். நேற்றுக் கூட்டத்தில் தலைவர் பதவிக்கு அவள் பெயரை நானே முன்மொழிந்தேன். இருபத்திரண்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் உண்மையான கைதட்டல், நான் போகிறேன் என்பதற்குத்தான். ஆகையால் வேலையை விடாதே மகனே. உன்னைக் கேட்காமலே உன் வாழ்க்கையை முடிவு செய்யப் பார்த்தேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தலைவர் பதவி ஒரு சாக்குத்தான். நாலு வருடமாக உன் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்று எழுத எனக்கு வெட்கமாக இருந்தது.

லீவு கிடைத்தால் பத்து நாள் வந்து போ. வெயிலில் வெறுந்தலையோடு நிற்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. அம்மன் துணையிருப்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
இனிமேல் வெறும் மூக்கையா