வால் விட்ட பச்சை டேப்

என் கண்ணு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் உடம்பளவில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனதைப் பற்றிப் போகப் போகச் சொல்கிறேன். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன், அந்த நினைப்பைப் பொய்யாக்கிவிடாதே. இடது மணிக்கட்டு குளிருக்கு இன்னும் வலிக்கிறதா, அந்தக் கையால் துணியை அழுத்திப் பிடிக்காதே, மேஸ்திரியம்மாவிடம் சொல்லிப் பொத்தான் வைக்கிற வேலையாக வாங்கிக்கொள். போனில் பேசாமல் இதென்ன புதுசாகக் கடிதம் என்று நீ முழிப்பது எனக்குத் தெரிகிறது. என் போன் உன் வீட்டுக்காரன் வாங்கி எல்லாம் அமைத்துக் கொடுத்த போன், அதை இனி நான் நம்பமாட்டேன். வேறு யார் போனிலிருந்தாவது கூப்பிடலாம் என்றால் தெரியாத நம்பரை எடுக்கவே கூடாது என்று உனக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான், நீயும் சொன்ன பேச்சைக் கேட்டுத் தொலைக்கிறாய். இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்த அம்மா, நாம் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கிற லாட்ஜின் மேனேஜர். அவரை நம்பலாம். நீ படித்து முடிக்கிற வரைக்கும் உன் தையல் கம்பெனி வாசலில் நிற்பார். பாதியில் எழுந்து எங்கும் ஓடாதே, யாருக்கும் போன் செய்யாதே, ஒரு ஓரமாக உட்கார்ந்து முழுவதையும் படி.

நம் பிக்கப் வண்டி, அதுதான் உன் அப்பா மகாராணி என்று கொஞ்சுகிற தகர டப்பா, நீ போனதிலிருந்து பேட்டரி இறங்கி இறங்கி என் உயிரை வாங்கியது. ஒரு நாள் ஓட்டாமல் நிறுத்தினால் போதும், மறுநாள் சாவியைத் திருகினால் டொக் என்று ஒரு சத்தம், அத்தோடு சரி. வெளுத்த மூட்டைகளையெல்லாம் ஏற்றி வைத்துவிட்டுத் தெருவில் போகிறவர்களைக் கெஞ்சித் தள்ளச் சொல்லவேண்டும். அப்பா பின்னால் கை வைத்துக்கொண்டு நிற்பார், தள்ளுகிறாரா சாய்ந்திருக்கிறாரா என்று யாருக்கும் தெரியாது. புதுப் பேட்டரி போட்டும் அதே கதை. பட்டறைக்காரர், எதைக் கேட்டாலும் பார்க்கலாம் என்பாரே அவர்தான், வந்து மீட்டரை வைத்துக்கொண்டு பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். ரேடியோவின் பியூஸைப் பிடுங்கியதும் மீட்டர் முள் படுத்துவிட்டது. வண்டியை நிறுத்திய பிறகும் ரேடியோ கரண்டைக் குடித்துக்கொண்டே இருக்கிறது, அதைக் கழற்றிக் கொண்டு வாருங்கள் பார்க்கலாம் என்றார். நீங்களே கழற்றுங்களேன் என்றால் பட்டறை வாசலில் வரிசையாக நிற்கிற வண்டிகளைக் கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். கம்பெனியில் செய்யும்போதே வண்டியோடு வந்த பழைய ஸ்டீரியோ, அதைக் கழற்ற என்ன பெரிய வித்தை என்று நானே இறங்கிவிட்டேன்.

வித்தைதான் வேண்டியிருந்தது. முதலில் பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி ஒரு துணியில் சுற்றி ஒதுக்கி வைத்தேன், இல்லாவிட்டால் தீப்பொறி பறக்கும் என்று பட்டறைக்காரர் சொல்லியிருந்தார். ஸ்டீரியோவைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் சட்டம் இருக்கிறதே, அது எங்கே பிடித்துக்கொண்டிருக்கிறது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடித்தார். பிடித்தார் என்று பெயர், வெளிச்சமெல்லாம் என் கண்ணில். கடைசியில் சாம்பல் தட்டை முழுவதுமாக வெளியே இழுத்தால் அதற்குப் பின்னால் இரண்டு ஸ்க்ரூ ஒளிந்துகொண்டிருந்தது. அதைக் கழற்றி, ஹீட்டர் குமிழ்களைப் பிடுங்கி, உன் பழைய மர ஸ்கேலில் துணியைச் சுற்றி ஓரத்தில் விட்டு நெம்பினேன். வெயிலில் காய்ந்து அப்பளம் மாதிரி ஆகியிருந்த பிளாஸ்டிக், ஒவ்வொரு கிளிப்பும் டப் டப் என்று விட்டது. சட்டம் வந்த பிறகு ஸ்டீரியோவின் இரண்டு பக்கத்திலும் ஸ்க்ரூ, அதையும் எடுத்துவிட்டு இழுத்தால் பாதி வந்து நின்றுகொண்டது. கையை உள்ளே விட்டு ஏரியல் ஒயரைப் பிடுங்கினேன், பிளக்கின் நாக்கை அழுத்தி அதையும் கழற்றினேன். ஸ்டீரியோ மடியில் வந்து விழுந்தது. எங்களைப் போல இரண்டே பேராகப் பிழைப்பை நடத்துகிறவர்களுக்கு இதெல்லாம் ஒரு வெற்றிதான், உன் அப்பா கைதட்டக்கூடச் செய்தார். தட்டின கையில் டார்ச் அணைந்துவிட்டது. அப்போதுதான் அந்தக் குழிக்குள் பார்த்தேன். பேட்டரி ஒயரைக் கழற்றிப் போட்ட வண்டி, ஒரு விளக்கும் எரியக் கூடாது. உள்ளே ஒயர்க் கட்டுக்குப் பின்னால் ஒரு சிவப்புப் புள்ளி மின்னி அணைந்தது, மறுபடி மின்னியது.

தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டி. ஒயரோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தது. அதிலிருந்து இரண்டு மெல்லிய ஒயர் வந்து ரேடியோ ஒயரில் ஒட்டுப் போட்டிருந்தது, ஒட்டின் மேல் பச்சை டேப். நான் அப்பாவை ஓட்டமாக அனுப்பிப் பட்டறைக்காரரைக் கூட்டிவரச் சொன்னேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, இது லாரி முதலாளிகள் வைக்கிறது, வண்டி எங்கே போகிறது எங்கே நிற்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே போனில் பார்த்துக்கொள்ளலாம், உள்ளேயே சின்ன பேட்டரியும் சிம்மும் இருக்கும் என்றார். நமக்கு வண்டி விற்றவர் கோழிக்கடைக்காரர்தானே, டிரைவர் திருடுகிறான் என்று சந்தேகப்பட்டு அவர் வைத்திருப்பார் என்று நாங்களே ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம். இத்தனை வருஷம் யாரோ ஒரு கோழிக்கடைக்காரர் நாம் லாட்ஜுக்கும் ஆஸ்பத்திரிக்கும் துணி சுமப்பதை வேடிக்கை பார்த்திருக்கிறார் பார் என்று உன் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். சாயங்காலம் துணி கொண்டுபோகவேண்டியிருந்ததால் பேட்டரியை மாட்டிவிட்டு, பெட்டியை மறுநாள் அறுத்து எறியலாம் என்று விட்டுவிட்டோம். விளக்கு வைக்கிற நேரத்துக்கு உன் வீட்டுக்காரன் போன் செய்தான். அடிக்கடி செய்கிறவன் இல்லை. சாப்பிட்டீர்களா, மாமா இருமல் எப்படி என்று ஆரம்பித்துவிட்டு, "வண்டி நல்லா ஓடுதா அத்தை? சும்மாதான் கேட்டேன்" என்றான். பேட்டரி தகராறு, கழற்றி மாட்டினோம் என்றேன். அப்படியா என்று வைத்துவிட்டான். எனக்கு அப்போதும் ஒன்றும் உறைக்கவில்லை.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரித் தலையணை உறைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். இஸ்திரிப்பெட்டியின் ஒயர் பிய்ந்த இடத்தில் டேப் சுற்றியிருக்கிறதே, அது என் விரலில் தட்டியது. பச்சை டேப். நுனியை அப்படியே ஒட்டாமல் உள்பக்கமாக மடித்துச் சின்னதாக ஒரு வால் விட்டிருக்கும். அடுத்த முறை பிரிக்கும்போது நகத்தால் சுரண்டவேண்டாம் அத்தை, வாலைப் பிடித்து இழுத்தால் போதும் என்று அதைச் சுற்றும்போது உன் வீட்டுக்காரன் எனக்குச் சொல்லிக் காட்டியது அப்படியே காதில் கேட்டது. இவ்வளவு நறுவிசான கைக்கா என் மகள் குறை சொல்கிறாள் என்று அன்றைக்கு ஒரு கணம் நான் நினைத்தேன், அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வண்டிக்கு ஓடினேன். குழிக்குள் கையை விட்டுத் தடவினேன். இரண்டு ஒட்டிலும் வால் இருந்தது.

உனக்கு நினைவிருக்கும். நீ மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு நம் வீட்டில் வந்து படுத்திருந்தபோது, சமாதானம் பேசுகிறேன் என்று ஒரு நாள் முழுக்க வந்து உட்கார்ந்திருந்தானே, அன்றைக்குத்தான். நீ கதவைத் திறக்கவில்லை. அவன் கோபமே படாமல், வந்தது வந்தேன் வீட்டில் கெட்டுப்போனதையெல்லாம் சரிசெய்து கொடுக்கிறேன் என்று கூடத்தில் தன் கருவிப் பையை விரித்தான். ரேடியோ கொரகொரவென்று இரைகிறது மாப்பிள்ளை என்று உன் அப்பா சொல்ல, வண்டிச் சாவியை எடுத்துக் கையில் கொடுத்தது நான். பாட்டு தெளிவாகக் கேட்டதும் உன் அப்பாவுக்கு வாயெல்லாம் பல். நீ எங்களை விட்டுப் போய்விடுவாய் என்று எங்களுக்கே தெரியாத நேரத்தில் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வண்டியில்தான் உன்னை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம்.

இப்போது சொல்லப்போவதைப் பதறாமல் படி. வழியில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றுவிட்டது, ஞாபகம் இருக்கிறதல்லவா, நான் அந்த இடத்திலேயே மகாராணியை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அதனால்தான் நீ தையல் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாய். வண்டி உன் ஊர் வரைக்கும் வரவில்லை. அந்தத் தகர டப்பா செய்த ஒரே நல்ல காரியம் அது, அதற்காக இப்போது அதன் பானெட்டைத் தடவிக் கொடுக்கிறேன். ஆனால் போன வாரம் அவன் பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தான். வாசலில் செருப்பை மாட்டும்போது வண்டியைப் பார்த்துக்கொண்டே, "ரேடியேட்டரை மாத்திட்டீங்களா அத்தை? வயசான காலத்துல பாதி வழியில நின்னுட்டா என்ன பண்ணுவீங்க பாவம்" என்று கேட்டான். அக்கறையாகக் கேட்கிறான் என்று மாற்றியாச்சு என்றேன். வண்டி நின்றதை நாங்கள் ஒருவரிடமும் சொன்னதில்லை. இதை அப்பாவிடம் சொன்னதும் அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் ரேடியேட்டரைக் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். பிறகு, "பெட்டிக்கு வண்டி நின்ன இடம்தான் தெரியும். ரேடியேட்டர்னு எப்படித் தெரியும்?" என்றார். டார்ச்சைக்கூட நேராகப் பிடிக்கத் தெரியாத மனிதர், அவருக்குத்தான் அது தோன்றியது. அவன் அந்த இடத்துக்கே போயிருக்கிறான். ரேடியேட்டருக்கு ஒட்டுப் போட்டுக் கொடுத்தவரைத் தேடிப் பிடித்துப் பேசியிருக்கிறான். உனக்கு எந்த பஸ் என்று நாம் விசாரித்ததும் அதே ஆளிடம்தான்.

அந்த பஸ் போகிற வழியில் எத்தனையோ ஊர் இருக்கிறது, நீ நடுவில்தான் இறங்கினாய். ஒவ்வொரு ஊராக இறங்கி விசாரிக்க அவனுக்குப் பொறுமை இருக்கிறது, நீதான் சொல்வாய், கத்துகிற நாளைவிட அவன் சிரித்துப் பேசுகிற நாளுக்குத்தான் பயம் என்று. எங்களுக்கு அது இப்போதுதான் புரிகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணு, அதைச் சொல்ல வெட்கமில்லை. உன் வக்கீலம்மாவிடம் போய்ப் பெட்டியைப் படம் எடுத்துக் காட்டினோம். பிடுங்காதீர்கள், அதுதான் சாட்சி, நான் மனு போட்டு ஆள் வந்து எடுக்கிற வரைக்கும் அது அங்கேயே இருக்கட்டும், அவனுக்குச் சந்தேகம் வரக்கூடாது என்றார். பட்டறைக்காரரோ பேட்டரியைக் கழற்றினால் அந்தப் பெட்டி அதன் முதலாளிக்குச் செய்தி அனுப்பும் என்கிறார். அன்றைக்கு ஏன் போன் வந்தது என்று தெரிந்துவிட்டதல்லவா. அதனால் ஸ்டீரியோவைப் பழையபடியே உள்ளே தள்ளி, சாம்பல் தட்டுக்குப் பின்னால் அந்த இரண்டு ஸ்க்ரூவையும் முடுக்கி, ஒன்றுமே நடக்காததுபோல ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அது பேச்சையும் கேட்குமா என்று பட்டறைக்காரரால் சொல்ல முடியவில்லை. அதனால் வண்டிக்குள் நாங்கள் உன் பெயரை எடுப்பதில்லை, வெயிலைப் பற்றியும் சோப்புத்தூளைப் பற்றியும் பேசுகிறோம். பேச ஒன்றும் கிடைக்காதபோது உன் அப்பா பாடுகிறார், கேட்கிறவனுக்கு அதுவே தண்டனை.

அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு வருகிறேன் என்றாயே, வராதே. அவருக்கு நான் இருக்கிறேன். லாட்ஜ் அம்மாவுக்கு எங்கே போகவேண்டும் என்று வக்கீலம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார், இடத்தை இங்கே எழுதவில்லை. படித்து முடித்ததும் மேஸ்திரியம்மாவிடம் உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல். அந்த அம்மாவோடு அறைக்குப் போய் உடுத்த துணியும் <s>தையல் மெஷினும்</s> எடுத்துக்கொண்டு வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பு. நீ போகிற நேரத்தில் நாங்கள் வழக்கம்போல மூட்டையை ஏற்றி லாட்ஜ், ஆஸ்பத்திரி, வீடு என்று சுற்றிக்கொண்டிருப்போம், அவன் போனில் அந்தப் புள்ளி ஊர்ந்துகொண்டிருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. தைரியமாக இரு என்று சொல்லமாட்டேன், நீ என்னைவிடத் தைரியசாலி, கட்டுப் போட்ட கையோடு வீட்டை விட்டு இறங்கியவள். நீ நன்றாக இருப்பாய், நூறு வயது இருப்பாய், உன்னை யாரும் தேடிவராத வீட்டில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குவாய், அம்மா அப்பாவின் ஆசி எப்போதும் உன் தலைமேல் இருக்கிறது.

உன் வரவை அல்ல, நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்த செய்தியை எதிர்பார்க்கும்,
அம்மா

உறையில் போடும்போது உன் அப்பா ஞாபகப்படுத்தினார். மேலே தையல் மெஷினை எடுத்துக்கொள் என்று எழுதியதை அடித்திருக்கிறேன் பார். அன்றைக்குக் கூடத்தில் உட்கார்ந்து அவன் சரிசெய்தது ரேடியோவும் இஸ்திரிப்பெட்டியும் மட்டும் இல்லை. உன் மெஷினின் மோட்டார் ஒயர் கருகியிருந்ததே, அதையும் அவன்தான் மாற்றினான். நீ அதை மடியில் வைத்துக்கொண்டு போனாய், அறையில் தினமும் பிளக்கில் மாட்டித் தைக்கிறாய். அதில் வால் விட்ட டேப் இருக்கிறதா என்று பார்க்கக்கூடப் போகவேண்டாம். துணியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அறைக்குத் திரும்பாதே. வாசலில் நிற்கிற அம்மாவோடு, கட்டியிருக்கிற துணியோடு அப்படியே போய்விடு.