தாத்தாவுக்கு ஒரு வரி

2010 மார்ச் 9, செவ்வாய்

எண்பது ஆண்டுக்குப் பிறகு கே குலத்தின் வம்சாவளிப் புத்தகத்தைப் புதுப்பிக்கிறார்கள். கையெழுத்து அழகாம், எழுதும் வேலை எனக்கு. பெண் என்பதால் என் பெயர் அதில் ஏறாது.

தாத்தா திங்யாவ் பெயரும் பட்டியலில் இல்லை. குலத்தலைவர் போஷியன் சித்தப்பாவிடம் கேட்டேன்.

"ஜப்பான் பட்டாளத்துக்கு மொழிபெயர்த்த ஆளும்மா அவரு. துரோகிக்கு எடமில்ல."

நாக்கில் நரம்பில்லாமல் சொல்கிறார். அந்தப் பட்டாளத்திடம் தாத்தா பொய் சொன்னதால்தான் நாற்பத்திரண்டில் இவருடைய அப்பா உயிர் பிழைத்தார். ஐம்பத்தொன்றில் ஊர் கூடித் துரோகி என்று தாத்தாவைச் சுட்டபோது அந்த அப்பா வாயே திறக்கவில்லை.

மார்ச் 10

அப்பாவிடம் சொல்லவில்லை. எண்பத்தொரு வயது, கண் தெரியாது. "என் அப்பா பேரு வந்துடுச்சா?" என்று கஞ்சி ஊற்றும்போதெல்லாம் கேட்கிறார்.

ஜூன் 2

ஜப்பான்காரர்கள் இங்கே தொழிற்சாலை கட்டப்போகிறார்களாம். குல மண்டபத்தில் விருந்து. சித்தப்பா ஓடி வந்தார்.

"தாத்தா பேர ஏத்திரும்மா. அந்தக் காலத்துலயே அவங்களுக்கு வேண்டப்பட்டவருன்னு காட்டணும்."

"துரோகின்னீங்களே?"

"அது மார்ச்சுல சொன்னது."

வெட்கம் கெட்ட மனிதர். நானும் மறுபேச்சில்லாமல் எழுதினேன். அப்பாவின் விரலைப் பிடித்து அந்த வரியின் மேல் வைத்தேன். எடுக்கவே மாட்டேன் என்றார்.

2012 செப்டம்பர் 19, புதன்

இரண்டு வருடமாகப் புத்தகம் அச்சுக்குப் போகவில்லை. யார் படம் முதலில் என்று சண்டை.

இப்போது ஜப்பானோடு தீவுத் தகராறு. நேற்று ஊர்வலம், கடைத்தெருவில் ஜப்பான் கார்களை உடைத்தார்கள். தொழிற்சாலை மூடிக் கிடக்கிறது.

சித்தப்பா வந்தார். "திங்யாவ் பேர எடுத்துடு. உங்கப்பாவ, தாத்தாவோட தம்பி திங்ஃபூவுக்கு சுவீகாரப் பிள்ளையா எழுதிடு. அவருதான் பிள்ளையில்லாம செத்தாரே. முன்னோர் வழக்கம்தான், யார் கேக்கப்போறா?"

நான் முடியாது என்றேன். ராத்திரி என் தம்பி போன் செய்தான். அவன் மகன் கட்சியில் சேர மனுப் போட்டிருக்கிறான், குடும்பத்தை விசாரிப்பார்கள்.

"செத்தவருக்கு என்னக்கா வலிக்கப்போவுது?"

எனக்கு வலிக்குதேடா.

செப்டம்பர் 20

எழுதிவிட்டேன்.

2013 ஏப்ரல் 4, வியாழன்

கல்லறை பெருக்கும் நாள். அப்பா போய் மூன்று மாதம் ஆகிறது. "என் அப்பா பக்கத்துல வைங்க" என்றுதான் கேட்டார். புத்தகப்படி திங்ஃபூவின் காலடியில் வைத்திருக்கிறோம். கல்லிலும் திங்ஃபூவின் மகன் என்றே வெட்டியிருக்கிறது.

தாத்தாவின் மண்மேடு மூங்கில் பக்கம், கல்லில்லாமல் கிடக்கிறது. படையலுக்குச் செய்த பச்சை நிற மாவு உருண்டை இரண்டை எடுத்துக்கொண்டு மெல்ல நடந்தேன். எல்லோரும் பார்த்தார்கள். தம்பி மகனும்.

"அங்க எங்கம்மா போற? அது யாரோடதோ" என்றார் சித்தப்பா.

"வழி தவறிட்டேன் சித்தப்பா" என்றேன்.

திரும்பி வந்து வரிசையில் நின்றுகொண்டேன்.