நித்யாவைக் கேட்காமல் போட்ட வரிசை

ஜூலை 21, செவ்வாய், இரவு 10.40. இன்ஜினியரிங் யோசனை கேட்டு இந்த வாரம் வீட்டுக்கு வந்தவர்களில் மூன்றாவது ஆள், புதுச்சத்திரத்துச் சித்தப்பா.

மகள் நித்யாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். எங்கள் சொந்தத்தில் முதலில் இன்ஜினியர் ஆனவன் நான் என்பதால், எல்லாப் பிள்ளைகளுக்கும் கவுன்சிலிங்கில் கொடுக்கும் கல்லூரி, பாடப்பிரிவு விருப்ப வரிசையை நானே போடுவது வழக்கமாகிவிட்டது. "நீயே போட்டுரு சாமி" என்று போனைக் கையில் கொடுத்தார்.

"மெக்கானிக்கல் மட்டும் வேண்டாங்க சித்தப்பா. அதப் படிச்சு நான் என்னத்தக் கிழிச்சேன்?" என்றேன். கம்பெனியில் இன்னும் நிரந்தரமாக்காத எரிச்சல். முழுக்கக் கம்ப்யூட்டராகவே போட்டேன். சித்தப்பாவுக்குத் திருப்தி.

நித்யா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "தோட்டத்து மோட்டாரு ஓடலைன்னா எல்லாரும் 'கழட்டிப் பாரு நித்யா'ங்கறீங்க. இதுக்கு மட்டும் என்னைய ஒரு வார்த்த கேக்கலீங்களேண்ணா."

"வாய மூடிட்டு வண்டில ஏறு" என்றார் சித்தப்பா. நான் சிரித்து வைத்தேன்.

எனக்குக் கசந்தது சம்பளம்தான். மெஷின் ஒருநாளும் கசந்ததில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை. வரிசையை மாற்ற நாளை மாலை ஐந்து மணி வரை நேரம் இருக்கிறது.

1. காலையில் நேராக நித்யாவின் போனுக்குக் கூப்பிட வேண்டும்.
2. மெக்கானிக்கலில் வேலை கிடைப்பது கஷ்டம் என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டு, அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும்.
3. அவள் சொல்கிறபடியே மாற்ற வேண்டும்.
4. சித்தப்பா நாளைக்கும் கத்துவார், நாலு வருடம் கழித்து அவள் வேலையில்லாமல் நின்றால் அப்போதும் கத்துவார். இரண்டையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.