ஃபியூஸ் இல்லாமல் எரிந்த உன் படம்

அருமை மாப்பிள்ளை ஏழுமலைக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. தெவசம் நல்லபடியாக முடிந்தது. உன் பங்காளிகள் வயிறு முட்டத் தின்றுவிட்டு, வடையில் உப்பில்லை என்று குறையும் சொல்லிவிட்டுப் போனார்கள். அதெல்லாம் எப்போதும் உள்ளதுதான். எனக்கு எரிச்சல் வந்தது உன் காரைப் பார்த்தபோதுதான்.

உன் மகன் சதீஷ் பின்கண்ணாடியில் உன் படத்தை ஒட்டியிருக்கிறான். அப்பன் செத்தால் காரில் ஒட்டுவது நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது, அதை விடு. உனக்குக் கோட்டு சூட்டு மாட்டி மேகத்தில் நிறுத்தியிருக்கிறான். முதுகில் இறக்கை வேறு. சுற்றிலும் எல்இடி பட்டை. ஒரு நேரம் நீ பச்சை, ஒரு நேரம் ஊதா. சட்டைப் பட்டனைக் கூட ஒழுங்காகப் போடாமல் திண்டிவனம் பூரா சுற்றின ஆள் நீ. உனக்கு இந்தக் கண்றாவி தேவையா?

வந்தவர்கள் எல்லாரும் காரைக் கையெடுத்துக் கும்பிட்டு, செல்போனில் படம் பிடித்துக்கொண்டார்கள். தனமும் பார்த்துப் பார்த்துக் கண்ணைத் துடைத்தாள். என் தங்கச்சி முகத்துக்காக நான் வாயை மூடிக்கொண்டேன்.

மதியம் சம்பந்தி வீட்டுக்குப் பலகாரம் கொடுக்க விழுப்புரம் கிளம்பினோம். சதீஷ் ஓட்டினான், பக்கத்தில் நான். பின் சீட்டில் தனம், அவள் மடியில் உன் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். விக்கிரவாண்டி டோல்கேட் நெருங்கும்போது பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம் வந்தது. என்னடா என்றேன். ஏதோ லாரியின் பிரேக் நாற்றம் என்று சொல்லிவிட்டு சதீஷ் ஓட்டிக்கொண்டே போனான்.

"அண்ணா, காலுக்குக் கீழ சுடுதுண்ணா" என்றாள் தனம்.

திரும்பினால், கால் விரிப்பு ஓரத்தில் புகை. ஓரம் கட்டவைத்து, இரண்டு பேரையும் இறக்கி, பானெட்டைத் திறந்து பேட்டரியில் மாட்டியிருந்த ஒயரைப் பிடுங்கி எறிந்தேன். விரல் கொப்பளித்துவிட்டது. குழந்தை படுத்திருந்த இடத்துக்கு நேர் கீழே விரிப்பு ஓட்டையாகியிருந்தது.

அப்புறம் விளக்கு மாட்டின கடைக்காரன் வேலையைப் பார்த்தேன், மாப்பிள்ளை. வேலையா அது? நூல் மாதிரி ஒரு ஒயர். தகரத்து ஓட்டையில் ரப்பர் கூட இல்லாமல் நுழைத்து, சீட்டுக் கம்பிக்கு அடியில் நசுக்கி, முறுக்கி டேப் சுற்றியிருக்கிறான். ஒயர் தோல் உரிந்து கார் பாடித் தகரத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஃபியூஸ் எங்கடா என்று கேட்டேன்.

"இருந்துச்சி மாமா. அடிக்கடி போய்க்கினே இருந்துச்சி. அப்பா படத்துல வெளக்கு அணையலாமா? அபசகுனம்னு அம்மா அழுவுது. அதான் கடைக்காரரு அத எடுத்துட்டு பேட்டரில இருந்து டைரக்டா குடுத்துட்டாரு."

கேட்டாயா? ஒயர் உரசுகிறது என்று அந்த ஃபியூஸ் கத்திக் கத்திச் சொல்லியிருக்கிறது. இவர்கள் அதன் வாயை அடைத்துவிட்டு உனக்கு அணையா விளக்கு ஏற்றியிருக்கிறார்கள். கேட்டவன் அழுகையில் கேட்டான். செய்து கொடுத்தவனுக்கு எங்கே போயிற்று புத்தி? தூக்குக் கயிறு கேட்டாலும் முடிச்சுப் போட்டுக் கொடுப்பான் போல. தூ!

நீ காரில் மூடுபனி விளக்கு மாட்டின நாள் ஞாபகம் வந்தது. முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றினாய். பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ், அப்புறம் ரிலே, ஓட்டைக்கு ரப்பர், ஒயருக்கு உறை என்று அரை நாளைத் தின்றாய். ஒரு லைட்டுக்கு இத்தனை சடங்கா என்று கிண்டல் பண்ணினேன். என்ன சொன்னாய்?

"ஃபியூஸ் போச்சின்னா கோச்சிக்காத மச்சான். நம்மளுக்கு பதிலா அது செத்துக்கினு இருக்குது."

நேற்று எல்லாவற்றையும் உருவி எறிந்தேன். தனம் மட்டும், விளக்கு இருக்கட்டும் அண்ணா என்று கெஞ்சினாள். சரி என்று நல்ல எலக்ட்ரீஷியனை உட்காரவைத்து, ஒற்றை வெள்ளை விளக்கு போட்டேன். தடித்த ஒயர், பேட்டரி பக்கத்திலேயே சின்ன ஃபியூஸ். சாவியை எடுத்தால் அதுவும் அணைந்துவிடும். உன் இறக்கையையும் பிளேடால் சுரண்டிவிட்டேன். கோட்டு வரவில்லை, பொறுத்துக்கொள்.

மறுபடி ஃபியூஸ் போய் விளக்கு அணைந்தால் என்ன செய்வாய் என்று தனத்திடம் கேட்டேன். நீ சொன்னதையும் சொன்னேன். பின் சீட்டில் ஏறி விளையாடிக்கொண்டிருந்த பேத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அணைஞ்சா அணையட்டும்ணா. அவரு ஒண்ணும் நெனச்சிக்க மாட்டாரு" என்றாள்.

அப்படித்தானே மாப்பிள்ளை? அந்த ஃபியூஸ் எத்தனை தடவை போனாலும், ஏன் போயிற்று என்று பார்க்காமல் உன் விளக்கை ஏற்ற விடமாட்டேன். அதுவரை நீ இருட்டிலேயே இரு. பிள்ளை பின்னால்தான் உட்காருகிறாள்.

உன் பெண்டாட்டிக்கு அண்ணன், உனக்கு என்றைக்கும் மச்சான்,
கலியபெருமாள்